சீமையில் வாங்கிய 9 கேரட்டைப் போலி என்று உருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போன பிள்ளைகள் பிரைட்டன், ஹேஸ்டிங்ஸ், மார்கேட், ஸ்கார்பரோ என்று கடலோர ஊர் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறார்கள். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் லீவில் வரும்போது அந்த ஊர்ச் சிறு கடைகளில் வாங்கிய மோதிரமோ கம்மலோ பெட்டியில் வருகிறது. வீட்டில் பெரியவர்கள் அதை எடுத்துக்கொண்டு எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களிடம் வருகிறார்கள். உரைத்துப் பார்த்ததும் “இது தங்கமே இல்லை, பிள்ளை ஏமாந்துவிட்டது” என்ற தீர்ப்பு பல இடங்களில் விழுந்துவிடுகிறது. தீர்ப்புச் சொல்வது எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களே என்பதால் நாங்களே எழுத வேண்டியதாகிறது.

இங்கிலாந்தில் சாதாரண நகை 9 கேரட். நூறில் முப்பத்தேழரை பங்கு தங்கம், மீதி வெள்ளி, செம்பு, துத்தநாகம். அங்கே 1854-லிருந்து சட்டப்படி செல்லும் மாற்று, அதாவது தங்கத்தின் தர அளவு, இது. நம் உரைகல்லில் 22 கேரட் உரைக்கு நைட்ரிக் ஆசிட் விட்டால் உரை அசையாது. 9 கேரட் உரையோ கொஞ்ச நேரத்தில் பழுத்துக் கரையும். 22-ஐ மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது செம்பாகத்தான் தெரியும். ஆனால் கல் சொன்னது “22 இல்லை” என்று மட்டும்தான். “தங்கம் இல்லை” என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது. கேரட் மீட்டரில் வைத்தால் 37.5 என்று காட்டிவிடும். பாலக்காட்டிலும் கோவைப் பெரிய கடைவீதியிலும் மீட்டர் இருக்கும்போது சந்தேகப்பட்ட நகையை உருக்கிப் பார்ப்பது அவசரபுத்தி. நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பு (பிஐஎஸ்) தரும் ஹால்மார்க் வரிசையிலேயே 2025-ல் 9 கேரட் சேர்ந்துவிட்டது என்பதையும் தொழிலில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

மீட்டருக்கும் முன்னால் பார்க்க வேண்டியது முத்திரை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். மோதிரத்தில் உள்வளையத்திலும், சங்கிலியில் கொக்கியிலோ அதை ஒட்டிய வளையத்திலும், கம்மலில் காம்பிலும் தேட வேண்டும். இங்கிலாந்தின் 1973-ஆம் ஆண்டு ஹால்மார்க் சட்டப்படி மூன்று முத்திரை கட்டாயம். செய்தவர் அல்லது சோதனைக்கு அனுப்பியவரின் எழுத்துகள் ஒன்று, மாற்று எண் ஒன்று, சோதனைச்சாலையின் சின்னம் ஒன்று. எண் 375 என்றால் 9 கேரட், 585 என்றால் 14, 750 என்றால் 18, 916 என்றால் நம் 22. வெள்ளி 925. சின்னங்கள் நான்கே: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு ரோஜா, எடின்பரோவுக்குக் கோட்டை. கடலோரக் கடையில் வாங்கிய நகையில் நங்கூரம் இருந்தால் அது அந்த ஊரின் அடையாளம் என்று நினைத்துவிடுகிறார்கள். பர்மிங்ஹாமில் கடலே கிடையாது. வருடத்தைக் குறிக்கும் எழுத்து 1999-லிருந்து கட்டாயமில்லை, இல்லாவிட்டால் குறை சொல்ல வேண்டாம்.

முத்திரையே இல்லாமல் முறைப்படி விற்கக்கூடியதும் உண்டு. ஒரு கிராமுக்குக் குறைந்த தங்கம், 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளி, அரை கிராமுக்குக் குறைந்த பிளாட்டினம் ஆகியவற்றுக்குச் சட்டம் விலக்கு தருகிறது. சின்னக் கம்மலில் வெறும் 375 என்றோ 925 என்றோ மட்டும் இருப்பதன் காரணம் இதுதான். அந்த எண்ணைச் செய்தவரே குத்தியிருப்பார், சோதனைச்சாலை பார்த்தது அல்ல. அதற்கு மேல் எடையுள்ள புது நகையில் சின்னம் இல்லையென்றால் அதைத் தங்கம் என்று சொல்லி விற்கவே கூடாது. முத்திரைகளை விளக்கும் அறிவிப்புத் தாள் ஒன்றை ஒவ்வொரு கடையிலும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைத்திருக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். அது தெரியாத கடையில் பணத்தை எடுக்காமல் இருப்பது நல்லது.

ரோல்டு கோல்டு, கோல்டு ஃபில்டு, கோல்டு பிளேட்டட், வெர்மெய்ல் என்ற சொற்கள் எதற்கும் கேரட் கணக்கு பொருந்தாது. முதல் மூன்றும் மட்ட உலோகத்தின்மேல் தங்கத் தகடோ முலாமோ. வெர்மெய்ல் என்பது வெள்ளியின்மேல் தங்க முலாம். பழைய லாக்கெட்டுகளில் “9 கேரட் பேக் அண்ட் ஃப்ரண்ட்” என்று பொறித்திருப்பார்கள். முன்னும் பின்னும் மெல்லிய தங்கத் தகடு, நடுவே வேறு உலோகம் என்று அர்த்தம். பின்னால் இருக்கும் சொற்களைப் படிக்காமல் 9 கேரட் என்ற எழுத்தை மட்டும் பார்த்து எடை போட்டு வாங்கினால் நட்டம்தான்.

விலை விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். திருச்சூரிலோ துபாயிலோ வாங்கும்போது இன்றைய ரேட், எடை, செய்கூலி, சேதாரம் என்று தனித்தனியாகப் பில்லில் வரும். இங்கிலாந்துச் சிறு கடையில் உருப்படிக்கு ஒரே விலை, எடை சீட்டில் இருக்காது. கேட்டால் தராசில் வைத்துக் காட்டுவார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒரு பேச்சுக்குச் சுத்தத் தங்கம் கிராம் 80 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 3 கிராம் 9 கேரட் மோதிரத்தில் தங்கத்தின் மதிப்பு 80 பெருக்கல் 3 பெருக்கல் 0.375, அதாவது 90 பவுண்டு. சீட்டில் 240 பவுண்டு என்று இருக்கும். அங்கே எழுதிய விலைக்குள்ளேயே 20 சதவீத வாட் அடக்கம், ஆக மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, 40 பவுண்டு, வரி. மீதி 110 பவுண்டு கைவேலைக்கும் கடை வாடகைக்கும் லாபத்துக்கும். நம் கணக்கில் பார்த்தால் செய்கூலி தங்கத்தைவிட அதிகம். இது ஏமாற்று அல்ல, அங்கே நகையை வாங்குவது போட்டுக்கொள்ள. ஆபத்துக்கு உதவும் என்று வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு வாங்கட்டும்.

ஊருக்கு வந்ததும் மாற்றுவதாக இருந்தால் கணக்கு இன்னும் கடுமை. 10 கிராம் 9 கேரட்டில் சுத்தத் தங்கம் 3.75 கிராம், 22 கேரட்டாக்கினால் 4.09 கிராம். 10 கிராம் 18 கேரட் என்றால் 8.19 கிராம் வரும். சுத்திகரிப்புக் கூலியும் உருக்கில் போகும் தூளும் வேறு கழியும். அடகு வைக்கும் இடத்திலும் இதே கதைதான்.

இனி கடைகள். பிரைட்டனில் பழைய நகைக்குப் பேர் போன இடம் த லேன்ஸ், நார்த் ஸ்ட்ரீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் இடுக்குச் சந்துகள். நார்த் லெய்ன் என்பது வேறு, அது நார்த் ஸ்ட்ரீட்டுக்கு வடக்கே ரயில் நிலையம் பக்கம். துணி, பழம்பொருள், கைவேலை விற்கும் தனிக்கடைகள் அங்கே. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் நகை தேடி நார்த் லெய்னில் அலைகிறவர்கள் உண்டு. ஹேஸ்டிங்ஸ் என்றால் ஓல்டு டவுனில் ஜார்ஜ் ஸ்ட்ரீட், ஹை ஸ்ட்ரீட். மார்கேட்டிலும் துறைமுகத்தை ஒட்டிய ஓல்டு டவுன். வடக்கே லிவர்பூல் பக்கம் இருப்பவர்களுக்குச் சவுத்போர்ட்டின் லார்டு ஸ்ட்ரீட், கூரை போட்ட ஆர்கேடுகளோடு. சிறு கடைகள் ஞாயிறும் திங்களும் அடைத்திருப்பது சகஜம், குளிர்காலத்தில் இன்னும் குறையும். இரவு ட்யூட்டி முடித்துவிட்டுப் போகிறவர்கள் முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். பழைய நகைக் கடையில் “பெஸ்ட் பிரைஸ் எவ்வளவு” என்று ஒருமுறை மரியாதையாகக் கேட்கலாம். தானே செய்து விற்கும் கைவினைஞரிடம் பேரம் பேசினால் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட.

பழைய நகையில் 15 என்றும் .625 என்றும் எழுத்து இருந்தால் குழம்ப வேண்டாம். 15 கேரட் அங்கே 1854 முதல் 1932 வரை புழக்கத்தில் இருந்தது. அதற்கும் 12 கேரட்டுக்கும் பதிலாக 14 கேரட் வந்தது. கதிர்க்கட்டும் வாளும் சேர்ந்த சின்னம் செஸ்டர் சோதனைச்சாலையினுடையது. அது 1962-ல் மூடப்பட்டது, ஆனால் முத்திரை இன்றும் செல்லும். மோதிரத்தை அளவு மாற்றும்போது அடிப்பக்கத்தை வெட்டுவதால் பாதி முத்திரை காணாமல் போயிருக்கும், அதையும் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. சந்தேகமாகப் பார்க்க வேண்டியது வேறொன்று. பின்புறம் சாம்பல் நிறத்தில் மங்கிய திட்டுத் திட்டாக ஒட்டு இருந்தால் அது ஈயப் பற்று. பழைய புரோச்சைப் பெண்டென்ட் ஆக்கும்போது யாரோ சுலப வழி தேடியிருப்பார்கள். அதை இங்கே கொண்டுவந்து ஊதுகுழலில் காட்டினால் ஈயம் தங்கத்தைத் தின்று ஓட்டை போட்டுவிடும். ஈயத்தை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகே நெருப்பு.

பவுன் என்று நாம் சொல்வதும் சவரன் என்று சொல்வதும் அங்கிருந்து வந்த சொற்களே. 1817-லிருந்து அடிக்கும் சாவரின் காசு, குதிரைமேல் ஏறி நாகத்தைக் குத்தும் வீரன் படம் போட்டது. நம் பாட்டிமார் குதிரைப் பவுன் என்பது இதைத்தான். எடை 7.988 கிராம், மாற்று 22 கேரட், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். நாம் பேச்சுவாக்கில் 8 கிராம் என்கிறோம். அரைச் சவரன் 3.99 கிராம். 1918-ல் பம்பாயிலும் அடித்தார்கள், அதில் சின்னதாக ஆங்கில ‘I’ எழுத்து இருக்கும். காசாக வாங்கினால் முதலீட்டுத் தங்கம் என்ற கணக்கில் வாட் கிடையாது. சேமிப்பு என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு 9 கேரட் சங்கிலியைவிட இது தேவலை. காசில் ஹால்மார்க் தேடக் கூடாது, நாணயத்துக்கு அது இல்லை. ஆனால் கடலோரக் கடைகளில் சவரனை மோதிரத்திலும் பெண்டென்ட்டிலும் பதித்து விற்பார்கள். சுற்றியிருக்கும் சட்டம் பெரும்பாலும் 9 கேரட். காசும் சட்டமும் சேர்த்து 13 கிராம், 22 கேரட் விலை என்று போட்டால் 5 கிராமுக்கு மேல் தவறான கணக்கு. காசைச் சட்டத்தோடு பற்றவைத்திருக்கிறதா, நகம் எனும் சிறு கவ்விகளால் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பற்றவைத்த காசு காசுக்கான மதிப்பை இழந்துவிடும், பிறகு எடைத் தங்கம்தான்.

விட்பி என்ற கடலோர ஊரின் ஜெட் எனும் கறுப்பு நகைப்பொருள் பற்றித் தனியே சொல்ல வேண்டும், பட்டறையில் மிக அதிகமாகப் பாழாவது அதுதான். எஸ்க் ஆற்றின் கிழக்குக் கரையில் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஜெட் கடைகள் இருக்கின்றன. ஜெட் கல் அல்ல, மரம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, நம் தோட்டங்களில் வளர்க்கும் அரோகேரியா இனத்து மரம் சேற்றில் புதைந்து இறுகியது. 1861-ல் ஆல்பர்ட் இளவரசர் இறந்த பிறகு விக்டோரியா ராணி கறுப்பிலேயே இருந்ததால் துக்க நகையாக அதற்கு மவுசு ஏறியது. உண்மையான ஜெட் கையில் பஞ்சுபோல லேசு, தொட்டால் குளிராது. கறுப்புக் கண்ணாடியை ஃபிரெஞ்சு ஜெட் என்ற பெயரில் விற்பார்கள், அது கனக்கும், சில்லென்று இருக்கும். வல்கனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர், வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். மெருகு பூசாத வெள்ளை ஓட்டில் ஜெட்டை இழுத்தால் கோடு பழுப்பாக விழும். ஆனால் கடைக்காரர் அனுமதி இல்லாமல் உரைக்கக் கூடாது, பார்வைக்குத் தெரியாத பின்பக்கத்தில்தான் உரைக்க வேண்டும். அந்த நகையைப் பட்டறைக்குத் தரும்போது “இதில் இருப்பது ஜெட், நெருப்பு ஆகாது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கறுப்புக் கல் என்று நினைத்து வளையம் பற்றவைக்க ஊதினால் நிலக்கரி வாடை வரும், பிறகு விரிசல்தான். ஆசிட் தொட்டியிலும் அல்ட்ராசோனிக் கழுவும் எந்திரத்திலும் போடக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து மெல்லிய துணியால் தேய்த்தாலே பளபளக்கும். ஜெட்டைக் கழற்றி எடுத்து வெளியே வைத்த பிறகுதான் வெள்ளியில் எந்த வேலையும்.

டர்ஹாம் கடற்கரையில் சீஹாம் என்ற ஊரில் கரையொதுங்கும் கண்ணாடித் துண்டுகளை வெள்ளியில் கட்டி விற்கிறார்கள். விக்டோரியா காலத்துப் பாட்டில் ஆலையின் கழிவு அலையில் உருண்டு மழுங்கியது. அசலில் மேற்பரப்பு பொடிப்பொடியாகக் குழிந்திருக்கும், ஆசிட்டில் மழுக்கியது ஒரே சீராக இருக்கும். அழகுதான், விலை அழகுக்கு மட்டுமே.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 22 கேரட்டுக்கு வைத்திருக்கும் பொடியை, அதாவது பற்றவைக்கும் உலோகத்தை, 9 கேரட் நகையில் வைத்து ஊதாதீர்கள். பொடி ஓடுவதற்கு முன்பே மெல்லிய காம்போ நகமோ உருகி உட்கார்ந்துவிடும். 9 கேரட்டுக்கு அதற்கேற்ற பொடி தனியாக வேண்டும், இல்லாவிட்டால் கோவையில் வாங்கி வையுங்கள். இதன் வெட்டுத் தூளையும் அரத்தூளையும் தனி டப்பாவில் போடுங்கள். 22 உருக்கில் ஒரு சிட்டிகை கலந்தாலும் மாற்று இறங்கும், பிறகு ஹால்மார்க் சென்டரில் திருப்பி அனுப்பும்போது யாரைக் குறை சொல்வது? கம்மலுக்குத் திருகு கேட்டுத்தான் அதிகம் வருவார்கள். அங்கத்திய காம்பு மெல்லியது, பட்டாம்பூச்சி ஆணி போட்டது, நம் தடித்த காது ஓட்டையில் நிற்காது. காம்பை மாற்றும்போது பக்கத்தில் முத்தோ ஓப்பலோ இருந்தால் கழற்றாமல் நெருப்பு காட்டக் கூடாது. வெள்ளைத் தங்கம் மஞ்சளித்தால் அது போலி என்பதால் அல்ல, மேலே பூசிய ரோடியம் தேய்ந்ததால். திரும்பப் பூசினால் சரி.

9 கேரட்டில் செம்பு அதிகம் என்பதால் நம் வியர்வைக்குக் கறுக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போகும். குளோரின் போட்ட நீச்சல் குளத்தில் மட்டும் போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம், நகங்கள் கண்ணுக்குத் தெரியாமல் வெடித்துக் கல் விழுந்துவிடும்.

மோதிர அளவை அங்கே ஆங்கில எழுத்துகளால் சொல்வார்கள். ஓர் எழுத்து கூடினால் சுற்றளவு ஒன்றேகால் மில்லிமீட்டர் கூடும். கடற்காற்றில் விறைத்த விரலுக்கு அளவெடுத்துக்கொண்டு சித்தூர் வெயிலுக்கு வந்தால் கழற்ற எண்ணெய் வேண்டும். கடைக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கை சூடேறிய பிறகு அளவு கொடுங்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ தங்கச்சிக்கோ வாங்குவதாக இருந்தால் நூல் அளவு வேண்டாம், அவர்கள் போட்டிருக்கும் மோதிரத்தின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழுதுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க இங்கிலாந்தின் 2015 நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. மனம் மாறினால் திருப்பித் தர நேரில் வாங்கிய கடைக்குக் கட்டாயமில்லை. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், கடை மூடிப்போனாலும் கார்டு வங்கியிடம் கேட்கலாம். டெபிட் கார்டுக்கு இந்தச் சட்ட உரிமை இல்லை. விமான நிலையத்தில் வாட் திரும்ப வாங்கும் வழி 2021 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. யாராவது ஃபாரம் தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம்.

பில்லில் கேரட், எடை, கல்லின் பெயர் மூன்றும் எழுதி வாங்குங்கள். நெடும்பாசேரியிலோ கோவையிலோ கஸ்டம்ஸில் கேட்டால் எடுத்துக் காட்ட அதுதான் இருக்கும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் நகைவரை வரிச் சலுகை. 2016 விதியில் எடையோடு மதிப்பு வரம்பும் இருந்தது என்பதால் டிக்கெட் போடும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளவும். 9 கேரட்டானாலும் எடைக் கணக்கில் அது நகைதான். கல்யாண நகையை இங்கிருந்து அணிந்துகொண்டு போகிறவர்கள் புறப்படும்போதே கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது பழைய நகைக்கும் புது நகைக்கும் கணக்குச் சொல்ல நேராது.

இப்படிக்கு,
நகைப் பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம்.